எண்பது மைலுக்கு ஒரு கார்

லண்டனில் வேலை மாறுபவர் சம்பளத்தைப் பார்க்கும் முன்னர் தூரத்தைப் பார்க்க வேண்டும் என்று எங்கள் பக்கத்து மூத்தவர்கள் சொல்வதுண்டு. 2012இன் தொடக்கத்தில் எனக்குக் கிடைத்த வேலை மில்ரன் கீன்ஸில் ஒரு பொருட்கிடங்கின் கணக்குப் பகுதியில். வீடு ஹரோவில். ரயிலில் போகலாமே என்று கேட்காதவர் இல்லை. ஹரோ அன்ட் வீல்ட்ஸ்டோன் நிலையத்தில் ஏறினால் மில்ரன் கீன்ஸுக்கு நேரே ரயில் இருக்கிறதுதான். ஆனால் கிடங்கு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இல்லை. சந்திக்குச் சந்தி வட்டப்பாதை வைத்துக் கட்டிய அந்த நகரத்தின் மறு ஓரத்தில், எம்1 மோட்டர்வேக்கு அருகில் இருந்தது. காலை முறை ஆறு மணிக்குத் தொடங்கும். அந்த நேரத்துக்கு ரயிலும் பஸ்ஸும் சேர்ந்து என்னைக் கொண்டுபோய்ச் சேர்க்கமாட்டா. வீட்டில் இருந்த ஒரே கார் மனைவியின் வேலைக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கும் வேண்டும். ஆக, எனக்கென்று இன்னொரு கார்.

போக நாற்பது மைல், வர நாற்பது மைல். விடுமுறைகளைக் கழித்துவிட்டால் ஆண்டுக்குப் பதினெட்டாயிரம் மைல் வரும். அந்த ஆண்டு பெற்றோல் லீற்றர் 1 பவுண் 40 பென்ஸைத் தொட்டுக்கொண்டு நின்றது. டீசல் அதைவிட ஐந்தாறு பென்ஸ் கூட. இந்த நாட்டில் எண்ணெயை லீற்றரில் விற்பார்கள், காரின் சிக்கனத்தைக் கலனுக்கு இத்தனை மைல் என்று சொல்வார்கள். பிரித்தானியக் கலன் நாலரை லீற்றருக்குக் கொஞ்சம் மேல். இந்த இரண்டு கணக்கையும் மனதுக்குள் மாற்றிப் போட்டுப் பார்க்கத் தெரியாதவர் விளம்பரத்தில் கிடக்கும் எண்களைக் கண்டு மயங்கத்தான் வேண்டும்.

நான் கணக்குப் பகுதி ஆள். மேசையில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். கலனுக்கு 45 மைல் ஓடும் சிறிய பெற்றோல் கார் என்றால் ஆண்டுக்கு 400 கலன், பணமாக ஏறக்குறைய 2,550 பவுண். கலனுக்கு 60 மைல் ஓடும் டீசல் என்றால் 300 கலன், ஏறக்குறைய 2,000 பவுண். ஐந்நூற்றைம்பது பவுண் வித்தியாசம். ரோட் ரக்ஸிலும் டீசலுக்குத்தான் சலுகை. 2001 மார்ச்சுக்குப் பிறகு பதிவான கார்களுக்கு இங்கே வரி, புகைக்குழாயிலிருந்து வரும் கரியமில வாயுவை வைத்து விதிக்கப்பட்டது. கிலோமீற்றருக்கு 100 கிராமுக்குள் நின்றால் அப்போது வரியே இருக்கவில்லை. 120க்குள் என்றால் 20, 30 பவுணோடு முடிந்தது. அதைத் தாண்டினால் 100, 120 என்று ஏறியது. டீசல் குறைவாகக் குடிக்கும், ஆகவே குறைவாகக் கரியமில வாயு விடும், ஆகவே அரசாங்கத்தின் செல்லப்பிள்ளை. ஒரு பத்தாண்டுக் காலம் நாடே டீசல் பக்கம் சாய்ந்ததற்கு இந்த வரிதான் பெரிய காரணம்.

எங்கள் ஆட்களின் கதை வேறு. கலியாண வீடாக இருந்தாலும் செத்த வீடாக இருந்தாலும் மண்டபத்துக் கார் தரிப்பிடத்தில் ஒரு பத்து நிமிடம் கார்ப் பேச்சு நடக்கும். அங்கே ஜேர்மன் காருக்குத்தான் மரியாதை. "மோட்டர்வேயிலை ஓடப்போறீர் எண்டால் பாரமான வண்டியா வாங்கும், ரெண்டு லீற்றர் டீசல் எண்டால் பறக்கும்" என்பார் ஒருவர். அவர் தம்முடைய பாரமான வண்டிக்குத் தவணை கட்டிக்கொண்டிருப்பது எல்லாருக்கும் தெரியும். என் கையில் இருந்தது மூவாயிரம் பவுண். அதற்குள் காரும் வரவேண்டும், முதல் மாத இன்சூரன்ஸும் போகவேண்டும்.

ஆகவே கராஜ்கார அண்ணையிடம் போனேன். ரயில் பாலத்தின் வளைவுக்குள் இரண்டு கார் நிறுத்தக்கூடிய இடம் அவருடையது. யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரினையும் மொறிஸ் மைனரையும் கழற்றிப் பூட்டிக் கைபழகியவர். அவை இங்கிலாந்தில் செய்த கார்கள். இந்த நாட்டுத் தெருக்களில் காணாமற்போய் முப்பது ஆண்டுக்குப் பிறகும் எங்கள் ஊரில் வாடகைக்கு ஓடிக்கொண்டிருந்தன. 1990இல் பொருளாதாரத் தடை வந்து வடக்குக்குப் பெற்றோல் நின்றுபோனபோது அதே கார்களை மண்ணெண்ணெயில் ஓடவைத்தவர்களில் அவரும் ஒருவர். கார்ப்பரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினைக் கிளப்பி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வெள்ளைப் புகை தெருவை மூடும். பெற்றோலைப் போத்தலில் வாங்கிய காலம் அது. எரிபொருளின் அருமை பற்றி அந்தத் தலைமுறை மெக்கானிக்குக்கு எந்த விளம்பரமும் சொல்லித்தர வேண்டியதில்லை.

என் கணக்குத் தாளை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"கணக்குச் சரி தம்பி. ஆனால் இதிலை ஒரு வரி குறையுது."

"என்ன வரி அண்ணை?"

"உடைஞ்சால் எவ்வளவு எண்ட வரி. டீசல் எண்டால் ஓடேக்கை லாபம், உடையேக்கை நட்டம். உமக்கு எது முதல் வரும் எண்டு நான் சொல்லமாட்டன்."

பிறகு விளக்கினார். அந்தக் காலத்து நவீன டீசலில் எரிபொருளை மிகப் பெரிய அழுத்தத்தில் பீய்ச்சும் இன்ஜெக்ரர்கள் இருக்கும், ரேர்போ இருக்கும், அதிர்வைத் தாங்க இரட்டை ஃபிளைவீல் இருக்கும். கிளச் மாற்றப் போனால் ஃபிளைவீலையும் சேர்த்து மாற்றச் சொல்வார்கள். மூவாயிரம் பவுண் காருக்கு ஆயிரம் பவுண் வேலை அங்கேயே நிற்கும். புதியவற்றில் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி வேறு. அந்தக் கரி சேரச் சேர வண்டி அதைத் தானே எரித்துக்கொள்ள வேண்டும். அதற்கு எஞ்சின் நன்றாகச் சூடேறி நெடுந்தூரம் ஓடவேண்டும். மோட்டர்வேயில் நாற்பது மைல் ஓடுகிறவனுக்கு அது பிரச்சினையே இல்லை. "உமக்கு இல்லை. ஆனால் உமக்கு முதல் வைச்சிருந்த மனுசி அதைப் பள்ளிக்கூட வாசலுக்கும் கடைக்குமே ஓடியிருந்தால்? அவ அடைச்சுவிட்ட வடியைத் துப்புரவாக்க நீர் காசு குடுக்கோணும்."

பழைய கார் வாங்குவது பற்றி நான் கேட்டவற்றில் இதைத்தான் மேலானதாக நினைக்கிறேன். முன்னவர் எந்த வீதியில் ஓடினார் என்பதையும் சேர்த்துத்தான் நாம் விலைக்கு வாங்குகிறோம். மீற்றரில் குறைந்த மைல் கிடந்தால் எல்லாரும் மகிழ்ந்துபோகிறார்கள். நகரத்துக்குள் நாலு மைல் நாலு மைலாக ஓடி நாற்பதாயிரம் சேர்ந்த காரில், எஞ்சின் ஒவ்வொரு முறையும் குளிரில் கிளம்பி, சூடேறும் முன்னரே நின்றிருக்கும், கிளச் ஆயிரக்கணக்கான முறை மிதிபட்டிருக்கும், பிரேக் தேய்ந்திருக்கும். மோட்டர்வேயில் எண்பதாயிரம் ஓடியது ஐந்தாவது கியரில் சும்மா உருண்டிருக்கும். இரண்டில் பின்னதுதான் பல வேளைகளில் நல்ல கார். விலை மட்டும் மைலைப் பார்த்தே குறைக்கப்பட்டிருக்கும்.

ஆனாலும் நான் டீசலை உடனே கைவிடவில்லை. ஆண்டுக்கு ஐந்நூற்றைம்பது என்பது சும்மா விடக்கூடிய காசல்ல. வடமேற்கு லண்டனில் பெருந்தெரு ஓரமாகக் கொடி கட்டி வைத்திருந்த ஒரு விற்பனை முற்றத்தில் ஒரு சிறிய டீசலைப் பார்த்தோம். பெயர் வேண்டாம், காரின் பெயரும் வேண்டாம். மீற்றரில் அறுபத்தோராயிரம் மைல். மினுக்கி வைத்திருந்தார்கள், ரயருக்கும் கறுப்பு பூசியிருந்தார்கள். விற்பனைக்காரர் பேச்சில் வல்லவர். அண்ணை ஒரு வார்த்தை பேசாமல் கதவைத் திறந்து மூன்று இடத்தைப் பார்த்தார்: கிளச் மிதியின் இறப்பர், ஸ்ரியரிங்கின் மேல்வளையம், ஓட்டுநர் இருக்கையின் வெளிப்பக்க விளிம்பு. மூன்றும் தேய்ந்து மொழுமொழுவென்று இருந்தன. "அறுபதாயிரத்திலை இறப்பர் இப்பிடிப் போகாது" என்று தமிழில் சொன்னார். காரின் பதிவுப் பத்திரமான லொக் புக்கைக் கேட்டோம். நாளைக்கு வரும் என்றார்கள்.

இந்த நாட்டில் மூன்று வயதைத் தாண்டிய ஒவ்வொரு காரும் ஆண்டுதோறும் எம்.ஓ.ரி. என்ற சோதனைக்குப் போகவேண்டும். அன்றைய மைல் கணக்கு அங்கே பதிவாகும். 2005, 2006 அளவில் அந்தப் பதிவு கணினிக்கு வந்துவிட்டது. நாங்கள் பார்த்த காலத்தில் வரலாற்றை எடுக்க நம்பர் பிளேற்றோடு லொக் புக்கில் உள்ள இலக்கமும் வேண்டியிருந்தது. அதனால்தான் சிலருக்கு லொக் புக் எப்போதும் "நாளைக்கு" வரும். மறுநாள் போய் இலக்கத்தை வாங்கிப் போட்டுப் பார்த்தோம். இரண்டு ஆண்டுக்கு முந்திய சோதனையிலேயே அந்தக் கார் தொண்ணூறாயிரத்தைத் தாண்டியிருந்தது. மீற்றரைத் திருப்புவது இங்கே தன்னளவில் குற்றமல்ல, திருப்பியதை மறைத்து விற்பதுதான் குற்றம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். சட்டம் இப்படி நூலிடை பார்த்து நிற்பது எனக்கு இன்றும் விளங்காத விடயம். தொண்ணூறாயிரம் என்று உண்மையைச் சொல்லி, மோட்டர்வே ஓட்டம் என்று காட்டி, எண்ணூறு பவுண் குறைத்திருந்தால் நான் அதையே வாங்கியிருக்கவும் கூடும்.

அடுத்தது மறு அந்தம். ஒரு லீற்றர், மூன்று சிலிண்டர் எஞ்சின் பூட்டிய மிகச் சிறிய கார்கள் அப்போது தெருவெங்கும் நின்றன. ரொயோட்டா அய்கோ, சிற்றோன் சி1, பேஜோ 107 மூன்றுமே செக் நாட்டில் கோலின் என்ற நகரத்தில் ஒரே ஆலையில் செய்தவை; முகப்பைத்தான் மாற்றி விற்றார்கள். ரோட் ரக்ஸ் 20 பவுண். இன்சூரன்ஸ் மலிவு. கலனுக்கு ஐம்பதுக்கு மேல் ஓடும் என்று எல்லாரும் சொன்னார்கள், அதில் பொய்யில்லை. இந்த அளவுக் கார் ஒன்றை ஒரு சனிக்கிழமை எம்1இல் ஓட்டிப் பார்க்க அனுமதி வாங்கினேன். மனைவியும் பக்கத்தில் இருந்தாள்.

நகரத்துக்குள் அதைப்போல் ஒரு கார் இல்லை. திரும்பு என்றால் திரும்பும், எந்தச் சந்துக்குள்ளும் நிற்கும். மோட்டர்வேயின் ஏறுபாதையில்தான் விடயம் தெரிந்தது. பாரவண்டிகள் மணிக்கு 56 மைலுக்கு மேல் போகாதபடி அவற்றில் வேகக் கட்டுப்படுத்தி பூட்டியிருப்பார்கள். ஆகவே இடது ஓரப் பாதை 56 மைலில் ஓடும் ஒரு இரும்புச் சுவர். அந்தச் சுவருக்குள் இடைவெளி பார்த்து நுழைவதற்கு, ஏறுபாதை முடியும் முன் அதே வேகத்தை எட்டிவிட வேண்டும். பெரிய எஞ்சின் தேவையில்லை, கொஞ்சம் மூச்சு வேண்டும். எழுபதில் ஓடும்போது எங்கள் பேச்சு எங்களுக்கே கேட்கவில்லை. பாரவண்டியைக் கடக்கும்போது பக்கக் காற்று வந்து ஒரு தள்ளுத் தள்ளியது.

"இதுக்கை இருந்து கதைக்கவே ஏலாது. விடிய நாலரைக்கு எழும்பிப் போட்டு, பின்னேரம் இதுக்குள்ளையோ வரப்போறீங்கள்?" என்றாள்.

எனக்குக் கணக்கில் வராத இன்னொரு வரி அது. ஒரு நாளைக்கு இரண்டு மணித்தியாலம், ஆண்டு முழுவதும், ஒரு இருக்கையில். முதுகும் காதும் காசுக் கணக்கில் ஏறமாட்டா. ஆனால் களைப்பு மோட்டர்வேயில் ஆளைக் கொல்லும். கலனுக்கு நாலைந்து மைல் கூட ஓடுகிறது என்பதற்காக அந்தக் களைப்பை வாங்கக்கூடாது என்று முடிவுசெய்தோம்.

மூன்றாவதாகப் பார்த்த கார் கென்ரனில், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு குஜராத்திப் பெரியவரின் வீட்டு முற்றத்தில் நின்றது. 06 இலக்க ஹொண்டா ஜாஸ், 1.4 பெற்றோல், கைக் கியர். இங்கே நம்பர் பிளேற்றின் நடுவில் உள்ள இரண்டு இலக்கமே காரின் வயதைச் சொல்லும்: 06 என்றால் 2006 மார்ச் முதல் ஓகஸ்ட் வரை பதிவானது, 56 என்றால் அதற்கடுத்த அரையாண்டு. மீற்றரில் ஐம்பத்தெட்டாயிரம். அவர் எங்களை உள்ளே கூப்பிட்டு, தேநீருக்கு முன்னர் ஒரு கொப்பியை எடுத்துவந்தார். கார் வாங்கிய நாள் முதல் அடித்த ஒவ்வொரு தடவைப் பெற்றோலும் அதில் இருந்தது. திகதி, மைல், லீற்றர், விலை. மகள் லெஸ்ரரில் இருப்பதால் மாதத்தில் இரண்டு தடவை எம்1இல் போய்வந்திருக்கிறார். அந்த நாட்களின் வரிகளை மட்டும் எடுத்துக் கணக்குப் பார்த்தேன். கலனுக்கு 47 வந்தது. உள்ளூர் ஓட்டத்தில் 38. விற்பனைக் கையேட்டில் போடும் எண்ணைவிட எனக்கு இந்தக் கொப்பி பெரிது. தொழிற்சாலைச் சோதனை எண்கள் ஆய்வுக்கூடத்து உருளையின் மேல் எடுத்தவை. தெருவில் அவை கிடைத்ததாக நான் ஒருவரையும் கண்டதில்லை.

இந்தக் கார் எங்கள் ஆட்களுக்குப் புதிதுமல்ல. யப்பானில் இதன் பெயர் ஃபிற். கொழும்புத் தெருக்களில் ஃபிற்றும் விட்ஸும் நிறைந்து கிடக்கின்றன. விட்ஸ் என்பது இங்கே யாரிஸ். பாவித்த காரை யப்பானிலிருந்து இறக்கி ஓடும் நாடு அது. ஓடி உழைக்காத வண்டியை அங்கே ஒருவரும் தொடமாட்டார்கள் என்பதால், கொழும்பில் எது விலைபோகிறது என்று கேட்பதே ஒரு நல்ல சோதனை. லண்டனில் ஜாஸ் கிழவர்களின் கார் என்று கேலிசெய்வார்கள். கிழவர்களின் கார் என்பதைவிட ஒரு பழைய காருக்கு என்ன நற்சான்று வேண்டும்? நேரத்துக்கு எண்ணெய் மாற்றியிருப்பார்கள், எஞ்சினை அதட்டியிருக்கமாட்டார்கள், கடதாசிகளைக் கட்டி வைத்திருப்பார்கள்.

அண்ணை குனிந்து கீழே பார்த்தார், எண்ணெய் மூடியைத் திறந்து பார்த்தார், நாலு ரயரும் ஒரே சோடி, ஒரே சீரான தேய்வு என்று தலையாட்டினார். ரயர் சீராகத் தேய்ந்திருந்தால் சில்லுகளின் நேர் கெடவில்லை என்று அர்த்தம். ஒரு பக்கம் மட்டும் தின்றிருந்தால் எங்கோ மோதியிருக்கலாம். அவர் விரும்பிய மற்றொன்று அந்த எஞ்சினில் ரைமிங் பெல்ற் இல்லை, செயின் என்பது. பெல்ற் என்றால் குறித்த காலத்தில் மாற்றவேண்டும். மாற்றாமல் அது அறுந்தால் பல எஞ்சின்கள் அந்த இடத்திலேயே முடிந்துவிடும். ஆண்டுக்குப் பதினெட்டாயிரம் ஓடுகிறவனுக்கு அந்தக் காலம் விரைவில் வரும். சில்லும் சிறியது, 14 அங்குலம். அந்த அளவு ரயர் நாற்பது ஐம்பது பவுணுக்குள் கிடைத்தது. அதே வயதுக் காரில் அழகுக்காகப் பெரிய சில்லுப் பூட்டியிருந்தால் இரண்டு மடங்கு. மோட்டர்வே ஓட்டக்காரனுக்கு ரயர் என்பது பெற்றோலுக்கு அடுத்த செலவு. விளம்பரம் பார்க்கும்போது சில்லின் அளவைப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு.

"ஒண்டு மட்டும். இதிலை சிலிண்டருக்கு ரெண்டு பிளக். எட்டுப் பிளக் மாத்தேக்கை என்னை ஏசக்கூடாது" என்றார்.

மூவாயிரம் கேட்டார் பெரியவர். 2,800க்கு முடிந்தது, ஆறு மாத ரோட் ரக்ஸோடு. 2014 ஒக்ரோபர் வரைக்கும் ரக்ஸ் என்பது கண்ணாடியில் ஒட்டும் ஒரு வட்டக் கடதாசி, காரோடு கைமாறும். இப்போது அது கிடையாது. விற்பவருடைய வரி விற்ற அன்றே நின்றுவிடும், வாங்கியவர் தன் பெயரில் கட்டாமல் தெருவில் ஏற்றவே கூடாது. அவர் லொக் புக்கின் பச்சைத் துண்டைக் கிழித்துத் தந்தார். வீட்டுக்கு வரும் முன்பே இன்சூரன்ஸை, வேலைக்குப் போய்வருவதற்கும் சேர்த்து, எடுத்து முடித்தேன். சும்மா ஓட்டத்துக்கு மட்டும் எடுத்துவிட்டு மில்ரன் கீன்ஸ் போகும் வழியில் மோதினால் கொம்பனி கைவிரிக்க இடமுண்டு. இரண்டுக்கும் விலை வித்தியாசம் பெரிதாக இருக்கவும் இல்லை.

ஓட்டிய ஆண்டுகளைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகமில்லை. நல்ல காருக்குக் கதை இருக்காது. விடியற்காலை எட்ஜ்வெயர் பக்கம் போய் எம்1 ஏறினால், வட்ஃபோர்ட், ஹெமல், லூட்டன், ரொடிங்ரன் என்று பெயர்ப் பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போகும். அந்த முதல் ஆண்டில் லூட்டனுக்கு அப்பால் வீதி வேலை நடந்துகொண்டிருந்தது. மைல் கணக்கில் 50 மைல் வேகக் கட்டுப்பாடு, சராசரி வேகத்தை அளக்கும் மஞ்சள் கமராக்கள். கிடங்கில் எல்லாரும் அதைத் திட்டித் தீர்த்தார்கள். என் கொப்பியில் (பெரியவரைப் பார்த்து நானும் ஒன்று தொடங்கியிருந்தேன்) அந்த மாதங்களில்தான் கலனுக்கு ஐம்பதைத் தாண்டிய வரிகள் இருக்கின்றன.

காரணம் எளிது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. 60இலிருந்து 70க்கு ஏறினால் அது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதிகரிக்கும். மோட்டர்வேயில் ஓடும் முப்பது மைலில் அந்த வேகம் மீதப்படுத்தித் தருவது நாலு நிமிடம் சொச்சம். வீதி வேலை முடிந்த பிறகும் நான் அறுபதைத் தாண்டவில்லை. பாரவண்டிகளுக்கு ஒரு படி மேலே, அவசரக்காரருக்கு வழிவிட்டு, இடது பாதையில். என் மூத்த மகன் மட்டும், எங்களை முந்திப் போகும் ஒவ்வொரு காரையும் ஒரு அவமானமாகவே பார்த்தான். மோட்டர்வே ஓய்விடங்களில் ஒருபோதும் பெற்றோல் அடிக்கவில்லை. பல்பொருள் அங்காடிக் கொட்டகையைவிட அங்கே லீற்றருக்கு எத்தனையோ பென்ஸ் கூட. எந்தக் காரை வாங்கினாலும் இந்த இரண்டு பழக்கமும் தரும் சேமிப்பு, டீசலுக்கும் பெற்றோலுக்கும் இடையே நான் தலையை உடைத்துக்கொண்ட வித்தியாசத்தில் நல்ல பங்கை எடுத்துவிடுகிறது. எட்டுப் பிளக்கும் மாற்றினோம். அண்ணையை நான் ஏசவில்லை. விலைச்சீட்டைப் பார்த்து அவரே சிரித்தார்.

2018இல் அந்த வேலை முடிந்தபோது கார் ஒன்றரை இலட்சம் மைலைத் தாண்டியிருந்தது. விற்றால் ஐந்நூறுகூட வராது. ஆகவே பிள்ளைகள் ஓடிப் பழகட்டும் என்று வீட்டிலேயே நின்றது.

இதற்கிடையில் டீசலின் கதை தலைகீழாகிவிட்டது. 2015 செப்ரெம்பரில் ஃபொக்ஸ்வாகன் விவகாரம் அமெரிக்காவில் வெடித்தது. சோதனைக்கூடத்தில் ஒரு முகமும் தெருவில் இன்னொரு முகமும் காட்டும்படி எஞ்சினின் மென்பொருளை அமைத்திருந்தது வெளிவந்தது. கரியமில வாயுவையே பார்த்துக்கொண்டிருந்த அரசாங்கங்கள், டீசல் கக்கும் நைதரசன் ஒக்சைட்டையும் நுண்துகளையும் பற்றி அதன்பிறகுதான் உரத்துப் பேசத் தொடங்கின. 2017 ஏப்ரலுக்குப் பின் பதிவாகும் கார்களுக்கு வரி முறையே மாறியது. லண்டன் நகர மையத்தில் 2019இல் தொடங்கிய உல்ட்ராத் தாழ் உமிழ்வு வலயம், ஆட்கள் யூலெஸ் என்று சொல்வது, 2021இல் வட, தென் வட்டச் சாலைகள்வரை விரிந்து, 2023 ஓகஸ்ட் 29இல் ஹரோவையும் சேர்த்து முழு லண்டனையும் பிடித்தது. விதி இதுதான்: பெற்றோல் கார் யூரோ 4 என்ற புகைத் தரத்தில் இருந்தால் போதும், டீசல் யூரோ 6ஆக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் ஓட்டும் ஒவ்வொரு நாளுக்கும் 12 பவுண் 50 பென்ஸ்.

பெற்றோலில் யூரோ 4 என்பது பொதுவாக 2006 முதல் பதிவானவை. டீசலில் யூரோ 6 என்பது பெரும்பாலும் 2015 செப்ரெம்பருக்குப் பிறகு பதிவானவை. அதாவது, அரசாங்கமே வரி குறைத்து வாங்கச்சொன்ன டீசல் கார்களுக்கு, எட்டு ஒன்பது வயதில் வீட்டு வாசலிலேயே அபராதம். எங்கள் தெருவில் இரண்டு குடும்பங்கள் இயந்திரத்தில் ஒரு குறையும் இல்லாத டீசல்களை மாநகர ஆட்சியின் 2,000 பவுண் உதவித் தொகைக்கு உடைக்கக் கொடுத்தன. மண்டபத்துத் தரிப்பிடத்தில் எனக்கு இரண்டு லீற்றர் டீசல் பரிந்துரைத்தவர் தன்னுடையதைப் பேர்மிங்ஹாம் பக்கம் ஒரு உறவினருக்கு வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். மக்கள் மீது கோபப்பட இதில் ஒன்றுமில்லை. அவர்கள் அரசாங்கம் காட்டிய எண்ணை நம்பினார்கள். அந்த எண் அரைவாசிதான் என்பதைச் சொல்லவேண்டியவர்கள் பதினைந்து ஆண்டு சொல்லவில்லை.

2006இல் பதிவான எங்கள் பெற்றோல் ஜாஸ் ஒரு சதமும் கட்டாமல் ஓடியது. நான் அன்றைக்குப் பார்த்த வகை டீசலை வாங்கி, இன்றைக்கும் ஹரோவிலிருந்து அதே வேலைக்குப் போய்க்கொண்டிருந்தால், யூலெஸுக்கு மட்டும் ஆண்டுக்கு 2,800 பவுண் வரும். ஜாஸுக்குக் கொடுத்த முழு விலை அதுதான்.

இப்போது வேலைக்கென்று பழைய கார் தேடுகிற பிள்ளைகள் சிலர் என்னிடம் வந்து கேட்கிறார்கள். எம்.ஓ.ரி. வரலாற்றைப் பார்க்க இன்றைக்கு லொக் புக் தேவையில்லை. நம்பர் பிளேற்றை அடித்தால் மைல், தோல்வி, எச்சரிக்கை எல்லாம் காசில்லாமல் வரும். போகும் முன்னரே அதைப் பாருங்கள். அதே நம்பரை லண்டன் போக்குவரத்துத் துறையின் பக்கத்திலும் அடித்து, யூலெஸ் கட்டவேண்டுமா என்று பாருங்கள். லண்டனுக்கு வெளியே இருந்து, மோட்டர்வேயிலேயே நீண்ட தூரம் ஓடுவதாயிருந்தால் யூரோ 6 டீசல் இன்றும் நல்ல கார்தான். முன்னவர் எங்கே ஓடினார் என்று கேட்டு வாங்குங்கள். விற்பவர் லொக் புக் நாளைக்கு வரும் என்றால், நீங்களும் நாளைக்கே போங்கள்.